எழுந்திருக்க ஒரு நாற்காலி

அன்புள்ள கண்ணுவுக்கு, அம்மா எழுதுகிறேன்.

நீ சுகமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய், கழுத்துவலிக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும் செய்யாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிப் பழகிய கை, இந்தத் தடவை ‘இருவரும்’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டது. பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அப்பா நன்றாக இருக்கிறார், போன மாதத்தைவிட நன்றாகவே இருக்கிறார். ஆனால் நல்லது நடந்த கதையைச் சொல்ல வேண்டுமானால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நான்கு மாதமாக உன்னிடம் சொல்லிவந்த பொய்யையும் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். நீ அழுதால் நானும் அழுவேன், இரண்டு பேரும் அழுதால் விஷயம் பாதியிலேயே நின்றுவிடும், பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் மனிதருக்கு மானம் போய்விடும். கடிதமென்றால் நீ எந்த வரியில் அழுதாலும் நான் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிடலாம். தபாலை நம்பினால் அதற்குள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், அதனால் எழுதி முடித்ததும் பக்கங்களைப் படமெடுத்தே அனுப்பிவிடுகிறேன். ஆமாம், போனில் கேமரா வேலை செய்கிறது. அதுவும் அந்தப் பொய்யில் சேர்ந்ததுதான், பொறு, வருகிறேன்.

விஷயம் நீ அனுப்பிய சோபா. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, நீ ஓடி வந்து இரண்டு வாரம் கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போன பிறகு, அவர் சாய்ந்து ஓய்வெடுக்க நல்லதாக ஒன்று வேண்டும் என்று நீ எத்தனை கடைகளின் படங்களைப் பார்த்தாய், சாம்பலா பச்சையா என்று என்னை எத்தனை முறை கேட்டாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அது வந்து இறங்கிய அன்று தெருவே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட இறங்கினார் என்பதுதான் சரி. மெத்தை அவரை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது, முட்டி மேலே இடுப்பு கீழே. முகமெல்லாம் சிரிப்பு, என் பொண்ணு அனுப்பினது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன், நானும் அவர் மேல் விழுந்திருப்பேன். கடைசியில் மேல் வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து, கம்பம் ஏறுகிற உடம்பல்லவா, அக்குளில் கை கொடுத்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், நாங்கள் இடுப்பையே விட்டுவிட்டோம்.

அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் போனை எடுத்தேன், அப்பா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். குழந்தை ஆசையாக அனுப்பியிருக்கிறாள், வந்த அன்றே குறை சொன்னால் மனசு என்ன பாடுபடும் என்றார். சரி, பழகினால் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நாடகம்தான் கண்ணு. ஞாயிறு தோறும் ஒன்பதரைக்கு எலக்ட்ரீஷியன் கீழே இறங்கி வருவார், அப்பாவைப் பிடித்து சோபாவில் இறக்குவார். சட்டை மாற்றி, தலை வாரி, முதுகுக்குப் பின்னால் நான் ஒரு தலையணையைத் திணிப்பேன். பத்து மணிக்கு நீ கூப்பிடுவாய், அப்பா ராஜா மாதிரி இருக்கீங்க என்பாய், ராஜாவும் தலையை ஆட்டுவார். நீ வைத்ததும் மறுபடியும் எலக்ட்ரீஷியன் வந்து ராஜாவை சிம்மாசனத்திலிருந்து தூக்குவார். மற்ற ஆறு நாளும் கட்டிலும் சமையலறை வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். எங்களுக்கு இதில் சிரிப்பு கூட வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அந்தச் சிரிப்பு நின்றுபோன நாளைத்தான் எழுதத் தயக்கமாக இருக்கிறது. உனக்கு ஆபீஸில் பதவி உயர்வு கிடைத்ததைச் சொன்னாயே, அந்த ஞாயிறு. நீ சந்தோஷத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாய். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ மின்சாரம் போய்விட்டது என்று எலக்ட்ரீஷியனுக்கு அழைப்பு வந்து அவர் கிளம்பிப் போய்விட்டார். நீ வைத்த பிறகு நான் தூக்கட்டுமா என்று கேட்டதற்கு, அப்பா நான் டிவி பார்க்கிறேன், நீ போய் சமையலைப் பார் என்றார். நானும் முட்டாள் மாதிரி போய்விட்டேன். மூன்று மணி நேரம். முப்பத்தொரு வருடம் ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் டிக்கெட் என்று கத்தி, கடைசி சீட்டில் தூங்குகிறவனை எழுப்பிய குரல் அது, என்னை ஒரு தடவை கூப்பிடவில்லை. சாப்பிடக் கூப்பிடலாம் என்று நான் ஹாலுக்குப் போனபோது மெத்தை நனைந்திருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாமே என்றேன். “எதுக்கு” என்றார், அவ்வளவுதான். அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் அதைவிட வந்தது. உறையைக் கழற்றித் துவைத்துப் போட்டுவிட்டேன், கறை எதுவும் இல்லை, அதைப் பற்றி நாங்கள் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து அவர் ஹாலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு கட்டிலில், பேப்பர் கட்டிலில், பழைய சிநேகிதர்கள் யாராவது பார்க்க வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்வார். கட்டிலில் கிடப்பதை நீ பார்க்கக் கூடாது என்றுதான் கேமரா பழுது, குரல் மட்டும்தான் வரும் என்று சொன்னோம். நீ உடனே புது போன் அனுப்புகிறேன் என்று கிளம்பினாய், அதைத் தடுக்க ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று இன்னொரு பொய். போன வாரம் நீ, அப்பாவுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறதே, அதே ஜாடையில் ஒற்றை சோபாவும் இருக்கிறது, அடுத்த மாதம் அனுப்புகிறேன் என்றாய் பார், அப்போது எனக்குத் தலை சுற்றிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம், இப்போது இரண்டாவது பூசணிக்காய் வேறு வருகிறது.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. அந்த ஞாயிறுக்கு மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன். பெரிய ரோட்டிலிருக்கும் கண்ணாடிக் கடைக்கு முதலில் போனேன். எல்லாம் தரையோடு தரையாகத்தான் இருந்தது. உயரமாக ஒன்று காட்டுங்கள் என்றால், இப்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்று இன்னும் தாழ்வான ஒன்றைக் காட்டினான். அடுத்தது ஆஸ்பத்திரி சாமான் விற்கிற கடை. அங்கே உயரம் இருந்தது, ஸ்டீல் கால், ரப்பர் குமிழ், துடைத்தால் போகிற சீட்டு எல்லாம் இருந்தது. படமெடுத்து வந்து காட்டினேன். இதில் உட்கார்ந்தால் யாராவது ஊசி போட வந்துவிடுவார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அதை ஹாலில் போட மனசில்லை. வருகிறவர்கள் வாசற்படியிலேயே அவரை நோயாளி என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மூன்றாவது, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய சாமான் கடை. மூடிப்போன ஆபீஸ், ஓட்டல் இவற்றின் சாமான்களையெல்லாம் வாங்கி மாடி வரை அடுக்கி வைத்திருப்பார் கடைக்காரர், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகத்தான் வழி. அங்கே ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். வாங்க வந்தீங்களா உடற்பயிற்சிக்கு வந்தீங்களா என்று கடைக்காரர் கேட்டுவிட்டார். கடைசியில் ஒரு வக்கீல் ஆபீஸிலிருந்து வந்த நாற்காலி, கை வைத்தது, முதுகு நிமிர்ந்தது, நல்ல கறுத்த மரம், உட்கார்ந்தால் வழக்கே ஜெயித்துவிடும் போல இருந்தது. எனக்கு அதிலிருந்து எழுந்திருப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா உட்கார்ந்தார், முட்டி மறுபடியும் மேலே போய்விட்டது. உன் அப்பா என்னைவிட ஒரு தலை உயரம் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்குச் சரியாக இருந்தால் அவருக்கும் சரியாக இருக்கும் என்று முப்பத்தைந்து வருடமாக நினைத்துப் பழகிவிட்டேன், உப்பில் ஆரம்பித்து நாற்காலி வரைக்கும். அவர் என்னைத் திட்டவில்லை. விடு, இந்த உடம்புக்கு இனிமேல் எதுவும் ஆகாது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

கடைக்காரர் நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டார். உங்களுக்குக் கடை சரிப்படாது, செய்கிற ஆள்தான் வேண்டும் என்று டயர் கடைக்குப் பின்னால் ஒரு பட்டறையைக் காட்டினார். அங்கே இருந்தது ஒரு பெண், நாற்பத்தைந்து வயது இருக்கலாம், எல்லோரும் பலகைக்காரி என்றுதான் சொல்கிறார்கள், அவளும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். அவளிடம் விற்பதற்கென்று செய்து வைத்த நாற்காலி ஒன்றுகூட இல்லை. நான் பெருமையாக டேப்பை எடுத்து, உயரம் இவ்வளவு அகலம் இவ்வளவு என்று ஆரம்பித்தேன். நாற்காலியின் அளவை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆளுடைய அளவுதான் எனக்கு வேண்டும், அவர் வர வேண்டும், இல்லையென்றால் நான் வர வேண்டும் என்றாள். அப்பா போகமாட்டார் என்று தெரியும், அவளையே வரச் சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்.

வந்தாள். கையில் ஒரு வெறும் ஸ்டூல், தோளில் ஒரு கட்டுப் பலகை, ஒவ்வொன்றும் ஒரு விரல் கனம். அப்பா அவளையும் பார்த்தார், பலகையையும் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். “என்ன, சவப்பெட்டி அடிக்கவா அளவு எடுக்கறீங்க?” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் அசரவில்லை. “பெட்டிக்கு நீளம் மட்டும் போதும்ண்ணா. நாற்காலின்னா மடக்கி அளக்கணும், அதான் நேர்ல வந்தேன்” என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு உன் அப்பா சிரித்ததை அப்போதுதான் கேட்டேன்.

அவளுடைய வேலை எப்படித் தெரியுமா, ஸ்டூல் மேல் ஒரு பலகையை வைப்பாள், உட்காரச் சொல்வாள், எழுந்திருக்கச் சொல்வாள். முடியவில்லையென்றால் இன்னொரு பலகை. கையைப் பிடிக்க நான் போனால் என்னைத் தள்ளி நிற்கச் சொல்வாள். அவர் முகத்தையோ முட்டியையோ அவள் பார்க்கவே இல்லை, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பலகையில் ஒன்றும் அசையவில்லை, ஐந்தாவதில் கொஞ்சம் தூக்கி மறுபடி உட்கார்ந்தார், நான் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழாவதில் எழுந்து நின்றுவிட்டார். யாரும் தொடவில்லை கண்ணு, யாருமே தொடவில்லை. அவருக்கே நம்பிக்கை வராமல் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு அவளாகவே ஹாலுக்குப் போய் உன் சோபாவைப் பார்த்துவிட்டு வந்தாள். எழுந்திருக்கிற எந்த மனிதனும் முதலில் பாதத்தைப் பின்னால் இழுப்பான், இந்த சோபாவுக்கு முன்பக்கம் தரை வரைக்கும் அடைத்திருக்கிறது, கால் போக இடமில்லை, அதோடு பள்ளம் வேறு, கல்யாண மாப்பிள்ளைகூட தடுமாறுவான் என்றாள். அப்பாவைப் பார்த்து, “உங்க உடம்பு மேல தப்பில்லண்ணா, உக்காந்த எடம் தப்பு” என்றாள். ஆபரேஷன் செய்த டாக்டர்கூட இந்த எட்டு மாதத்தில் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு டீயோடு வந்தேன்.

அடுத்தது கைப்பிடி. பையிலிருந்து உருட்டின மரத்துண்டுகள் நாலைந்தை எடுத்து, கையை ஊன்றி எழ வேண்டும், எது உங்கள் பிடிக்கு வாகாக இருக்கிறது என்று கேட்டாள். முதலிரண்டையும் அப்பா வேண்டாம் என்று வைத்துவிட்டார். பஸ்ஸில் நிற்கிறவர்கள் பிடிக்கிற கம்பி இருக்கிறதே, அந்தக் கனத்தில் இருந்தால் தேவலை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர், நான் ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நிற்பேன், கண்டக்டர் என்றால் அப்படி நிற்க வேண்டும் என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறார், உன்னையும் ஸ்கூல் பஸ்ஸில் அப்படி நிற்கச் சொல்லி நீ பல்லை உடைத்துக்கொண்டு வந்தாயே. கம்பியின் கனம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மரத்துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே, “வளைவுல எல்லாம் பிடிச்சுக்குவேன்” என்றார். எல்லோரும்தானே பிடிக்கிறார்கள் என்று வேறு சொல்லிக்கொண்டார். பலகைக்காரி, கம்பியைப் பிடிப்பது போல அவரை விரலை மடக்கச் சொல்லி, அந்த வளையத்தின் அளவை நூல் பிடித்துக் குறித்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் ஆனது. இந்தச் செவ்வாய்க்கிழமை நாற்காலி வந்தது. அதைப் போல ஒன்று எந்தக் கடையிலும் கிடையாது, எங்கள் தெருவில் இன்னொருவர் உட்கார்ந்தால் அவருக்கு உதவாது. சீட்டு உயரம், முதுகு லேசாகச் சாய்ந்தது, முன்னால் கட்டை எதுவும் இல்லாமல் கால் பின்னால் போக இடம் விட்டது, கைப்பிடி இரண்டும் சீட்டைவிட நாலு விரல் முன்னால் நீண்டு, நுனி உருண்டையாக இருக்கும். மெத்தைக்கு வேறு துணி வாங்கவில்லை. உன் சோபாவோடு இரண்டு தலையணை உறை கூடுதலாக வந்ததல்லவா, அதை வெட்டி நானே தைத்துவிட்டேன், இரண்டும் ஒரே பச்சையில் அண்ணன் தங்கை போல நிற்கின்றன. எலக்ட்ரீஷியன் பார்க்க வந்து ஆசையாக அதில் உட்காரப் போனார், அது என் அளவு, நீ போய் சோபாவில் உட்கார் என்று விரட்டிவிட்டார் உன் அப்பா. இத்தனை மாதம் தூக்கிச் சுமந்த மனிதருக்குக் கிடைத்த மரியாதை. அவரும் சிரித்துக்கொண்டே சோபாவில் விழுந்து, இதில் தூக்கம் நன்றாக வருமே என்றார். வரும், எனக்குத் தெரியும், மத்தியானத்தில் நான் தூங்குவது அதில்தான். நீ அனுப்பியது வீணாகப் போனது என்று மட்டும் நினைக்காதே.

நீ இதைப் படித்துவிட்டு உன்னையே நொந்துகொள்வாய், அதுதான் என் கவலை. கண்ணு, நீ தப்பு எதுவும் செய்யவில்லை. அத்தனை தூரத்திலிருந்து படத்தைப் பார்த்து அப்பாவின் இடுப்பை யாரால் அளக்க முடியும், பக்கத்திலேயே இருக்கிற நானே ஏமாந்தேன். தப்பு சொல்லாமல் இருந்த எங்களுடையது. உன் மனசு நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, நோக வேண்டியதை இரண்டு மடங்காக்கிவிட்டோம். ஒன்று மட்டும் கேட்கிறேன். நீயும் எங்களைச் சந்தோஷப்படுத்துவதற்காக அங்கே ஏதாவது ஒன்றில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால், வேலையோ வீடோ எதுவானாலும், சொல்லிவிடு. நாங்கள் தாங்குவோம். உன் புது வீட்டு ஹாலுக்கும் நாற்காலி வாங்க வேண்டும் என்றாயே, படத்தைப் பார்த்து வாங்காதே, உன் தெருப் பக்கத்தில் செய்கிறவர்கள் இல்லாமலா இருப்பார்கள், நேரில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கழுத்து என்ன சொல்கிறது என்று அப்போது தெரியும்.

மேலே இருக்கிற வரிவரைக்கும் எழுதி, பேனாவை மூடி வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் உன் அப்பா நிற்கிறார். அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துத்தான் நான் தைரியமாக உள்ளே உட்கார்ந்து எழுதியது. எப்போது எழுந்தார், எப்போது நடந்தார், எனக்குத் தெரியவே தெரியாது. எட்டு மாதமாக இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் அவர் ஒரு அடி வைத்ததில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து முழுதும் படித்தார். அந்த ஞாயிறு பற்றி எழுதிய இடத்தில் நெடுநேரம் நின்றார். அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். “வேணாம். இருக்கட்டும். அவளுக்குத் தெரியட்டும்” என்றார். பிறகு, இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய், கண்டக்டர் கம்பியைப் பிடித்தான் என்பதை மட்டும் விட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே தானே நடந்து போனார்.

நீ நோய்நொடி இல்லாமல், நிம்மதியாக, நாலு பேர் மெச்ச வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசியும். அந்த ஒற்றை சோபா வேண்டாம், புது போனும் வேண்டாம், மறந்துவிடாதே. இன்னொன்று, இது முக்கியம். இந்த ஞாயிறு நீ கூப்பிடும்போது போனை நான் எடுக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டிருக்கிறார். போன் அலமாரியில் இருக்கும், அவரே எழுந்து வந்து எடுப்பாராம், கேமராவோடுதான். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். யாரும் எடுக்கவில்லையே என்று பயந்து வைத்துவிடாதே, மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும். அப்பா வந்துகொண்டிருப்பார்.

உன் அன்பு
அம்மா